நாற்பத்துநான்காவது துண்டு

செம்பவாங்.
வெள்ளைக்காரப் படை விட்டுப்போன வீடு, எண் ஒன்பது.
ஆள் நாற்பத்து மூன்று. குழாய் இரண்டு.
துண்டு பதினொன்று.
திங்களன்று சிவந்த கண்கள் ஆறு.
புதனன்று கண்களை விட்டுவிட்டு
ஆட்களை எண்ணத் தொடங்கினேன்.

பீளையில் ஒட்டிக்கொண்ட இமைகளைப் பிரிக்க
வெந்நீரில் பஞ்சு நனைத்தபோது
மொழிபெயர்க்கும் கியெட் கேட்டான்:
உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர்?
மெட்ராஸ் கண்ணு.
மெட்ராஸ் என்றால்?
ஊர்.
உங்கள் ஊரா?
பார்த்ததே இல்லை.
அப்பா கப்பலேறியது நாகப்பட்டினத்தில்.

அவன் அதைப் போய்ச் சொல்ல
வீடே சிரித்தது,
திறக்க முடியாத கண்களும் சேர்ந்து.
என்னவாம், என்றேன்.
நோய்க்குக்கூட ஓர் ஊர் இருக்கிறதே
என்கிறார், சைகோனில் பல் பிடுங்கியவர்.

காற்றில் வராது, சொல் கியெட்.
பார்த்தால் ஒட்டாது.
கை கண்ணைத் தொடும்,
கண் துண்டைத் தொடும்,
துண்டு அடுத்த கண்ணைத் தொடும்.
அவ்வளவுதான் அதன் பயணம்.
அதற்குப் படகு வேண்டாம்.

அலுவலகத்தில் துண்டு கேட்டேன்,
படிவம் கேட்டார்கள், மூன்று பிரதி.
சிராங்கூன் சாலை நயினா முகமது
ஒன்றும் கேட்கவில்லை.
வெளுக்காத காடாத் துணியை
என் சைக்கிளில் அவரே கட்டிவிட்டார்.

வெட்டினார்கள், ஓரம் மடித்தார்கள்.
ஆளுக்கொரு நூல், ஆளுக்கொரு நிறம்.
நிறங்கள் தீர்ந்ததும் இரட்டை நூல்,
அதுவும் தீர்ந்ததும் முடிச்சுகள்.
கம்பியில் வரிசையாக,
ஒன்றையொன்று தொடாமல்,
இடையே ஒரு சாண்.
அந்தச் சாணை நான் அடித்தே சொன்னேன்.
படகில் அவர்களுக்கு அவ்வளவு இடம் கிடைத்ததில்லை
என்பது பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை எண்ணினேன்:
நாற்பத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.
கடைசி ஆணியில் சின்னத் துண்டு,
மாம்பழ மஞ்சள் நூல்.
காய்ந்திருந்தது.
அடுத்த சனியும் காய்ந்தே இருந்தது,
மடிப்புக் கலையாமல்.

யாருடையது?
லியென் தரையைப் பார்த்தாள்.
கியெட் இந்த ஒருமுறை மொழிபெயர்க்கவில்லை.
இடுப்புக்குக் கீழே கையை வைத்து
ஓர் உயரம் காட்டினான்.
பிறகு கடலைக் காட்டினான்.

பதிவேட்டில் எழுதினேன்:
ஆள் 43, துண்டு 44.
மேலதிகாரி சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினார்.
நான் திருத்தவில்லை.

கண்கள் வெளுத்து வந்தன.
பன்னிரண்டு. ஏழு. இரண்டு.
அந்த இரண்டும் பல் டாக்டருடையவை,
கசக்காதே என்றால் கசக்குவார்.

மாத முடிவில், ஞாயிறு இரவு, ஒரு லாரி.
எண் ஒன்பதுக்கு ஐந்து பேர்.
மிச்சத் துணியில் நான்கு துண்டுதான் தேறியது.
ஐந்தாவது ஆள் ஒரு பையன்,
யாரோ மாலுமியின் சட்டை முழங்காலில் இடிக்க.
இரண்டு கண்ணும் கோவைப்பழம்.

விடிந்ததும் போனேன்.
கடைசி ஆணியில் துண்டு ஈரமாகத் தொங்கியது.
சொட்டிக்கொண்டிருந்தது.
மஞ்சள் நூலை அவள் அறுக்கவில்லை.
பக்கத்தில் ஒரு பச்சை.

ஒரு துண்டு, ஓர் ஆள்:
நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.
அதன்படி இது சரியா என்று
யாரிடம் கேட்பது?
லியென் எனக்கு முன்பே
பக்கத்துத் துண்டை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

ஆள் 48. துண்டு 48.
கூட்டல் சரியாக வந்துவிட்டது.
எழுதும்போதே கண் கரித்தது.
துடைக்கக் கை எழுந்தது.
கை கண்ணைத் தொடும், கண் துண்டைத் தொடும்...
இறக்கினேன்.
வழிந்தால் வழியட்டும்.

சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்தவனை
மெட்ராஸ் கண்ணு என்றே முடிவுகட்டினாள் மனைவி.
நான் மறுக்கவில்லை.
பார்த்தாலே ஒட்டும் என்று நம்புகிறவள்
சுவரைப் பார்த்தபடி
சோறு போட்டாள்.